எரிமலைக் குகை என்று எதைச் சொல்கிறோம்?

ஊத்துக்கோட்டையிலிருந்து சத்தியவேடு, நாகலாபுரம் வரை, தமிழ்நாடு-ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, மலையில் ஒரு பொந்து தெரிந்தால் போதும். “இது எரிமலைக் குகை, லாவா ஓடின வழி” என்று தமிழிலோ தெலுங்கிலோ யாராவது ஒரு வீடியோ போட்டுவிடுகிறார்கள். பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குடியம் குகைக்கும் இதே பட்டம் ஒட்டிக்கொள்கிறது. நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டைக் கற்கள் பதிந்து கிடக்கும், சில கற்கள் பாதி வெளியே துருத்திக்கொண்டு எப்போது தலையில் விழுமோ என்று நிற்கும், சுற்றிலும் செம்பழுப்பு நிறம் வேறு. எதுவோ வெடித்துக் கக்கிய இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அது எரிமலை செய்த வேலை இல்லை, தண்ணீர் செய்த வேலை. குகை குகைதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். உள்ளே எது மிஞ்சும், அதன் காலத்தை எப்படிக் கணிப்பது, எதனால் கெடும், எப்படிக் காப்பாற்றுவது என்ற நாலு கேள்விக்கும் விடை பாறையில்தான் இருக்கிறது. பாறையைப் புரிந்துகொள்ளாமல் செய்த பாதுகாப்பு வேலை, சும்மா விட்டிருந்தால் ஆகியிருக்கும் கேட்டைவிட அதிகக் கேடு செய்த கதையும் உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

லாவா எப்படிக் குகையாகிறது

எரிமலைக் குகைகளில் முக்கியமானது லாவாக் குழாய். அது உண்டாகும் வரிசை இது:

1. பசால்ட் வகைக் குழம்பு ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வருகிறது. இது இளகலான குழம்பு, வெடித்துச் சிதறாமல் சரிவில் வழிந்து ஓடும்.

2. ஓடும்போது மேல்பகுதி காற்றுப் பட்டு இறுகுகிறது, ஆறுகிற பாலில் ஏடு படிவது மாதிரி. அந்த ஏடு கெட்டியாகிக் கூரையாகிவிடுகிறது.

3. கல் சூட்டை எளிதில் கடத்தாது. அதனால் கூரைக்கு அடியில் குழம்பு ஆறாமல் பல கிலோமீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

4. எரிமலையில் வரத்து நின்றதும் உள்ளே இருக்கும் குழம்பு வடிந்து போகிறது. மிஞ்சுவது ஒரு வெற்றுக் குழாய். ஹவாய்த் தீவின் கசுமுரா குகை இப்படி உண்டானதுதான், நீளம் 65 கிலோமீட்டர்.

5. பிறகு எங்காவது கூரை இடிந்து ஓட்டை விழும். மனிதரும் விலங்கும் உள்ளே போகும் வாசல் பெரும்பாலும் இந்த இடிந்த இடம்தான்.

லாவாக் குழாய் இல்லாத எரிமலைக் குகைகளும் உண்டு. எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய பாறைக்கு டஃப் என்று பெயர், கத்தியால்கூடச் செதுக்கலாம் போல மென்மையானது. துருக்கியின் கப்படோக்கியாவில் மக்கள் அதைக் குடைந்து வீடும் தேவாலயமும் கட்டிக்கொண்டார்கள். கடைசி வகை, என்றைக்கோ இறுகிப்போன லாவா மலையை மனிதர் உளி வைத்துக் குடைந்தது. அஜந்தா, எல்லோரா, எலிபெண்டா எல்லாம் இந்தக் கணக்கு. நம் நாட்டில் எரிமலைப் பாறைக் குகை என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இவைதான்.

அப்படியானால் நம் மலை என்ன மலை

குடியம் குகை இருக்கும் அல்லிக்குழி மலையும் அதைத் தாண்டிச் சத்தியவேடு பக்கம் போகும் மேடுகளும் திரள்பாறை. டைனோசர் காலத்தில் ஓடிய தண்ணீர், இன்னும் பழைய குவார்ட்சைட் (மணற்கல் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய கல்) மலைகளை உடைத்து உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிக் கல்லானவை. கல் உருண்டையாக இருப்பதற்குக் காரணம் உருண்டு வந்ததுதான். பிற்பாடு மழையும் வெயிலும் பிடிப்பு குறைந்த அடுக்குகளை அரித்தெடுக்க, மேல் அடுக்கு கூரையாக நின்றுவிட்டது. அதனால்தான் குடியம் குகை சுரங்கம் மாதிரி நீண்டு போகாமல், முன்பக்கம் அகலமாகத் திறந்த பெரிய அரங்கு மாதிரி இருக்கிறது.

அங்கேயே பார்த்துச் சோதிக்க முடியும். தரையில் உடைந்து கிடக்கும் கூழாங்கல்லின் உடைந்த முகத்தைப் பாருங்கள் (கூரையிலிருந்து பெயர்க்க வேண்டாம்). சர்க்கரையை அமுக்கி வைத்த மாதிரி மினுமினுக்கும் குருணைகள் ஒன்றோடொன்று இறுகியிருந்தால் அது குவார்ட்சைட். எரிமலைக் கல்லாக இருந்தால் பெரும்பாலும் கருப்பாக, குருணை கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமாக இருக்கும், வாயுக் குமிழி வெளியேறிய சின்னச் சின்னத் துளைகளோ அந்தத் துளைகளில் வெள்ளையாகப் படிந்த கனிமமோ தெரியும். கூரையில் லாவா சொட்டி உறைந்த கூர்முனைகள், சுவரில் குழம்பு மட்டம் இறங்க இறங்க விட்டுப்போன கோடுகள் எதுவும் நம் குகைகளில் கிடையாது.

எல்லைப்புறத்தில் எரிமலைச் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, வேறு வடிவங்களில். சித்தூர் மாவட்டத்தில் கருப்புக் கிரானைட் என்று அறுத்து விற்பதில் பெரும்பகுதி டோலரைட், அதாவது பூமிக்கு மேலே வராமல் வெடிப்புக்குள்ளேயே உறைந்துபோன குழம்பு. இறுக்கமான கல், குகைக்கு வழியே இல்லை. கடப்பை பக்கத்து மங்கம்பேட்டையில் எரிமலைச் செயலால் படிந்த பேரைட்ஸ் என்ற கனிம அடுக்கு, தேசிய நிலவியல் நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறது. ராஜமுந்திரியில் தக்காணத்து லாவாவே வந்து கிடக்கிறது, மேற்கிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடி வந்தது என்று கருதுகிறார்கள். பேலம், பில்லசுர்கம் மாதிரி ஆந்திராவின் பெயர்பெற்ற குகைகளோ சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் கரைத்து உண்டாக்கியவை, 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பேலம் குகை உட்பட.

தேதி எங்கிருந்து வருகிறது

தொல்லியலில் லாவாக் குழாய்க்கு ஒரு வசதி இருக்கிறது, அதற்குப் பிறந்த தேதி உண்டு. லாவா உறைந்த காலத்தை அதிலுள்ள ஆர்கான் வாயுவை வைத்து அளக்க முடியும், இளம் லாவாவாக இருந்தால் அடியில் சிக்கிக் கருகிய மரத்தைக் கார்பன் முறையில் அளக்கலாம். அந்தத் தேதிக்கு முன்னால் உள்ளே யாரும் இருந்திருக்க வழியில்லை. சுண்ணாம்புக் குகைக்கோ நம் திரள்பாறைக் குகைக்கோ இப்படி ஒரு கறாரான தொடக்கம் கிடையாது. பாறை கோடிக்கணக்கான ஆண்டு பழசு, ஆனால் பொந்து எப்போது ஆள் தங்கும் அளவுக்குக் குழிந்தது என்பது வேறு கணக்கு. “பத்துக் கோடி ஆண்டு பழமையான குகையில் வாழ்ந்த மனிதன்” என்று தலைப்பு வந்தால் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆகவே குகையில் தேதி சொல்வது தரை மண்தான். அடுக்கடுக்காகப் படிந்த மண், சாம்பல், கரி, எலும்பு, கல்சில்லு, எது எதற்கு மேலே கிடக்கிறது என்ற வரிசை. சுவரையும் கூரையையும் பார்த்துப் படமெடுத்துவிட்டு வந்துவிடுகிறோம், விஷயம் முழுக்கக் காலுக்கு அடியில் கிடக்கிறது.

லாவாக் குழாய்களுக்குள் கிடைத்தவை

மூன்று இடங்களைப் பார்க்கலாம். மூன்றும் லாவாக் குழாய்தான், ஆனால் மிஞ்சியது ஒவ்வொன்றிலும் வேறு.

முதலாவது சவூதி அரேபியாவின் உம் ஜிர்சான், கைபர் லாவாப் பரப்பில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளக் குழாய். வெளியே பாலைவன வெயிலில் எலும்பு பொடியாகிவிடும், உள்ளே உலர்ந்த குளிர்ச்சியில் குவியல் குவியலாக அப்படியே கிடந்தது. மனிதர் சமைத்துத் தின்ற மிச்சம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். 2021-ல் வெளியான ஆய்வு எலும்புகளில் இருந்த பல்தடத்தையும் மென்று அரித்த அடையாளத்தையும் வைத்து, அவை பெரும்பாலும் கழுதைப்புலிகள் ஏழாயிரம் ஆண்டுகளாக இழுத்துவந்து சேர்த்தவை என்று காட்டியது. மனித மண்டையோட்டுத் துண்டுகளும் கிடைத்தன, அவையும் புதைகுழியைத் தோண்டி இழுத்துவந்தவையாக இருக்கலாம். ஆனால் வாசல் பக்கத்தில் மேற்கொண்டு செய்த அகழாய்வில் (2024-ல் வெளியானது) மனிதர் வந்து தங்கிப்போன தடயம் கிடைத்தது, 7,000 முதல் 10,000 ஆண்டு வரை பழையது, பக்கத்துப் பாறைகளில் ஆடு, மாடு, நாய் உருவங்களும் இருந்தன. மந்தை ஓட்டிக்கொண்டு ஒரு சோலையிலிருந்து இன்னொரு சோலைக்குப் போகிறவர்கள் வழியில் நிழலுக்கும் தண்ணீருக்கும் ஒதுங்கிய இடம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒரே குகையில் இரண்டு குடித்தனக்காரர்கள், ஒருவர் நான்கு காலில். எந்த எலும்பு யாருடையது என்று பிரிப்பதற்கு எலும்பு கிடந்த இடத்திலேயே கிடந்திருக்க வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஐஸ்லாந்தின் சுர்ட்ஸ்ஹெட்லிர். ஸ்காண்டினேவியப் பக்கத்து நார்ஸ் மக்கள் அந்தத் தீவில் குடியேறிய காலத்திலேயே, ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில், எரிமலை பொங்கி லாவா ஓடியது. புதிதாக வந்தவர்களின் கண்முன்னால் பூமி பிளந்து நெருப்பு ஓடியிருக்கிறது. குழாய் ஆறிய பிறகு அவர்கள் உள்ளே போய்ப் படகு வடிவில் கல்லடுக்கி ஒரு கட்டுமானம் எழுப்பி, அங்கே விலங்குகளைப் பலியிட்டு எரித்திருக்கிறார்கள், பல தலைமுறைக்கு. ஈராக் பகுதியிலிருந்து வந்த மணிகளும் கிழக்குத் துருக்கியிலிருந்து வந்த அரிதாரம் என்ற மஞ்சள் நிறக் கனிமத்தின் துணுக்கும் கிடைத்தன. உலகத்தின் அந்தக் கோடிக்கு அரிதாரம் போயிருக்கிறது என்பதே ஆச்சரியம். சுர்ட்டர் என்பது அவர்கள் புராணத்தில் உலகத்தை எரித்து முடிக்கும் நெருப்பு அரக்கன், குகை அவன் பெயரில் இருக்கிறது. இங்கே பாதுகாப்புச் சிக்கல் என்னவென்றால், நூற்றாண்டுக் கணக்காக வந்துபோனவர்கள் ஆளுக்கொரு எலும்பு எடுத்துப் போய்க் குவியல் கரைந்துகொண்டே வந்தது.

மூன்றாவது தென்கொரியாவின் ஜெஜு தீவில் யோங்ச்சொன் குகை. 2005-ல் கம்பம் நடக் குழி தோண்டியபோது தற்செயலாகத் திறந்தது. உள்ளே எட்டாம் நூற்றாண்டு வாக்கிலான மண்பாண்டங்கள், பந்தம் எரிந்த கரி, விலங்கெலும்பு, கடைசியில் ஓர் ஏரி. மேலே கடற்சிப்பி மணல்மேடு இருப்பதால் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கருப்பு லாவாக் கூரையில் வெள்ளை விழுதுகளாகத் தொங்கவிட்டிருக்கிறது. லாவாக் குகையும் சுண்ணாம்புக் குகையும் ஒரே இடத்தில் கலந்த அபூர்வம். கொரியர்கள் செய்தது என்ன? பூட்டிவிட்டார்கள். ஆய்வாளருக்கு மட்டும் அனுமதி. பக்கத்து மஞ்சங்குல் குகை 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பொதுமக்களுக்கு ஒரு கிலோமீட்டரை மட்டும் ஒதுக்கினார்கள். 2007-ல் இந்தக் குழாய்த் தொகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஒன்றைக் காட்டி மற்றதைக் காப்பது என்ற இந்த ஏற்பாடுதான், கிடைக்கிற வழிகளில் நேர்மையானது என்பேன்.

அஜந்தாவில் நடந்தது

முதலில் சொன்ன கெட்டுப்போன கதை இதுதான். தக்காண லாவா ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கு மேல் அடுக்காகப் படிந்தது. இரண்டு அடுக்குக்கு நடுவில் சிவப்பு மண் பட்டை ஓடும், பாறையில் வெடிப்பும் துளையும் அதிகம். வாகோரா ஆற்றின் வளைவில் பிக்குகளுக்காகக் குடைந்தவர்கள் இறுகிய அடுக்கைத் தேர்ந்துதான் குடைந்தார்கள், ஆனாலும் மழைக்காலத்தில் மேலிருந்து வெடிப்பு வழியாகத் தண்ணீர் கசிந்து ஓவியத்தின் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறது.

அந்த ஓவியம் பாறையில் நேரடியாக வரைந்தது இல்லை. பாறை மேல் உமி, புல், நார் கலந்த மண்பூச்சு, அதன் மேல் சன்னமான சுண்ணாம்பு, அதன் மேல் நிறம். தண்ணீர் பட்டால் பூச்சு உப்பும், நாரும் உமியும் இருப்பதால் பூச்சி அரிக்கும், வெளவால் எச்சம் வேறு. எல்லோராவின் பூச்சில் கஞ்சாச் செடியின் நார் கலந்திருப்பதையும், அது பூச்சியை அண்டவிடவில்லை என்பதையும் 2016-ல் வெளியான ஆய்வு சொன்னது. அஜந்தாவில் அது கலக்கப்படவில்லை.

1819-ல் புலி வேட்டைக்குப் போன ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இந்தக் குகைகளைக் கண்டார், 10-ஆம் குகையின் ஓவியத் தூணில் தன் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனார். குகைச் சுவரில் இதயம் வரைந்து இரண்டு பெயர் எழுதும் பையன்களுக்கு முன்னோடி. 1920 வாக்கில் ஐதராபாத் நிஜாம் அரசு நல்லெண்ணத்தோடு இத்தாலிய நிபுணர்கள் இருவரை வரவழைத்தது. அவர்கள் உதிர்ந்த பூச்சை ஒட்டவைத்தார்கள், அந்தளவில் நல்ல வேலை. அப்புறம் ஓவியத்தின் மேல் அரக்கு மெருகு பூசினார்கள். இத்தாலியச் சுவரோவியத்துக்குப் பழகிய கை, கசியும் லாவாப் பாறைக்கும் மண்பூச்சுக்கும் என்ன தேவை என்று அதற்குத் தெரியவில்லை. மெருகு நாளாக நாளாக மஞ்சளித்து, தூசியும் புகையும் ஒட்டி, அடியில் இருந்த நீலமும் பச்சையும் மறைந்தன. அதைச் சுரண்டி எடுக்கும் வேலையை இந்தியத் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் செய்ய வேண்டியிருந்தது.

எரிமலை நம் பக்கம் அனுப்பியது

குகை அனுப்பாவிட்டாலும் சாம்பல் அனுப்பியிருக்கிறது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தது, மனித இனம் கண்ட வெடிப்புகளில் மிகப் பெரியது. அந்தச் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி வந்து கர்னூல் பக்கத்து ஜுரேறு ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஜ்வாலாபுரத்தில், இன்றும் வெள்ளை அடுக்காகக் கிடக்கிறது. காற்றில் வந்தது சில அங்குலம்தான் இருக்கும், சுற்று மேடுகளிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்து சேர்த்ததில் சில இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டுகிறது.

தொல்லியலாளர்கள் ரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர் அங்கே தோண்டி 2007-ல் வெளியிட்டது பெரிய விவாதமானது. சாம்பலுக்குக் கீழேயும் கல்லாயுதம், மேலேயும் கல்லாயுதம், இரண்டும் ஏறத்தாழ ஒரே பாணி. டோபா வெடிப்பு மனிதரை ஏறக்குறையத் துடைத்துவிட்டது என்று ஒரு கருத்து பலமாக இருந்தது, இந்தப் பள்ளத்தாக்கு மட்டும் “இங்கே ஆள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள் போலிருக்கிறது” என்றது. வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் வாதத்துக்கே ஆதாரம் அந்த வெள்ளை அடுக்கு, அதையோ பாத்திரம் துலக்கும் தூளுக்கும் சலவைத் தூளுக்கும் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய பள்ளத்தின் சுவரில்தான் ஆய்வாளருக்கும் அடுக்கு வரிசை பளிச்சென்று தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், குவாரி அழித்தது, காட்டியதும் குவாரி.

குடியம் விஷயமும் இப்படிக் கூரையில் இல்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் 1863-ல் பல்லாவரத்தில் கைக்கோடரி கண்டெடுத்து, அதே ஆண்டு குடியத்துக்குப் பக்கத்து அத்திரம்பாக்கம் வந்து சேர்ந்தார். அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் காட்டினார்கள். அந்தக் கருவிகள் எந்தக் கல்? குவார்ட்சைட், இந்தத் திரள்பாறை உதிர்க்கும் அதே கூழாங்கல். எரிமலை கக்கியது என்று வீடியோவில் காட்டும் கூரை, ஆதி மனிதரின் மூலப்பொருள் கிடங்கு. 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை குடியத்தில் அகழ்ந்தபோது தரை மண்ணிலிருந்து கல்லாயுதங்கள் வந்தன. எரிமலைக் கதையைவிட இது எவ்வளவோ பெரிய கதை, ஏன் விற்கவில்லை என்று தெரியவில்லை.

எது கெடுக்கிறது

எல்லாக் குகைக்கும் பொதுவாகச் சிலது, பாறையைப் பொறுத்துச் சிலது.

1. காலடி. தளர்ந்த தரை மண்ணில் நூறு பேர் நடந்தால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் கலந்துவிடும். இது திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம், வெளியே தெரியவும் தெரியாது.

2. விளக்கு. பளீரென்று விளக்கு போட்ட குகைகளில் விளக்கைச் சுற்றிப் பச்சைப் பாசி படரும். தேய்த்தால் சுவரும் சேர்ந்து உரியும். தேவைப்படும்போது மட்டும் எரியும் சூடில்லாத மங்கல் விளக்கு நல்லது.

3. மூச்சு. ஆள் கூட்டம் ஈரத்தையும் கரியமில வாயுவையும் ஏற்றுகிறது. பிரான்சின் லாஸ்கோ சுண்ணாம்புக் குகையை இதனாலேயே 1963-ல் பொதுமக்களுக்கு மூடினார்கள். குடியம் மாதிரி முகம் திறந்த குகையில் இது பெரிய கவலை இல்லை, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு குகைக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. அதிர்வு. லாவாக் கூரையில் ஆறும்போதே விழுந்த வெடிப்புகள் உண்டு, மேலே சாலையோ கட்டடமோ வந்தால் பாளமாகப் பெயரும். நம் திரள்பாறையில் கூழாங்கல்லைப் பிடித்திருக்கும் மணல்காரை பலவீனமானது, கல் ஒவ்வொன்றாக உதிரும். பக்கத்தில் குவாரி வெடி என்றால் இரண்டுக்குமே கெடுதல். கிரஷரும் எம்-சாண்டும் ஓடுகிற மாவட்டங்களில் இதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

5. சுத்தம் செய்வது. கேட்க வேடிக்கையாக இருக்கும். கரி படிந்த சுவரை ஆர்வலர் குழு பிரஷ் போட்டுத் தேய்த்தால் கார்பன் தேதி எடுக்க வாய்ப்புள்ள புகைப் படிவும் போகும், அடியில் ஓவியம் இருந்தால் அதுவும் போகும். பிளாஸ்டிக்கையும் பாட்டிலையும் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

எடுத்ததை யாரிடம் கொடுப்பது

ஹவாயில் லாவாக் குழாய்கள் முன்னோரை அடக்கம் செய்த இடங்கள். 1905-ல் ஒருவர் கவாய்ஹாய் பக்கத்துக் குகையிலிருந்து மரச்சிற்பங்களையும் பிற பொருள்களையும் எடுத்து வந்தார், பின்னர் அவை பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2000-ல் பூர்வகுடி அமைப்பு ஒன்று 83 பொருள்களை இரவல் வாங்கி, குகையிலேயே திரும்ப வைத்து வாசலை அடைத்துவிட்டது, முன்னோருடையது முன்னோரிடம் என்று. மற்ற பூர்வகுடி அமைப்புகள் எங்களைக் கேட்காமல் எப்படி என்று வழக்குப் போட்டன. இடத்தைச் சொல்ல மறுத்த தலைவர் சிறைக்குப் போனார், 2006-ல் பொருள்கள் வெளியே எடுக்கப்பட்டன. இதற்கு நடுவில், 2002-ல், அந்த மாநிலம் குகைப் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டது. கழிவுநீரையும் குப்பையையும் குழாய்க்குள் விடுவது அங்கே பெரிய பிரச்சினை.

இந்தியாவில் குகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புள்ள குகையையும் தொன்மைச் சின்னம் என்ற வரையறையில் சேர்க்கிறது. அறிவிக்கப்பட்டுவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். மாநிலங்களுக்கு அவரவர் சட்டம். அறிவிக்கப்படாத பொந்துகள், அதாவது நம் மலைகளில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை, காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனத்துறையின் கட்டுப்பாட்டில் தப்பிக்கின்றன, பட்டா நிலத்தில் இருந்தால் கடவுள் விட்ட வழி. பாறையின் மதிப்புக்காகவே ஓர் இடத்தைக் காக்கும் சட்டத்துக்கு 2022-ல் ஒரு வரைவு வெளியானது. மாநில எல்லையில் இன்னொரு வேடிக்கை: மலைத்தொடர் ஒன்று, நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஒரு துறை, அந்தப் பக்கம் ஒரு துறை.

குகைக்குள் அம்மன் இருந்தால்

எல்லைப்புறக் குகைகள் பலவற்றின் உள்ளே ஒரு சின்னச் சன்னதியோ மஞ்சள் பூசிய கல்லோ இருக்கும். குடியத்திலும் உண்டு. வழிபாடு இருப்பதால்தான் பல குகைகள் தப்பித்திருக்கின்றன என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும், சாமி இருக்கும் இடத்தில் குவாரிக்காரர் கை வைக்க யோசிப்பார். ஆடி மாதம் பொங்கல் வைப்பதை நிறுத்து என்று சொல்வது நடக்காது, சொல்லவும் தேவையில்லை.

கெடுதல் பொங்கலில் இல்லை, அதற்குப் பிறகு வரும் நன்கொடையில் இருக்கிறது. உபயதாரர் ஒருவர் சிமெண்ட் தருவார், இன்னொருவர் டைல்ஸ் தருவார், தரையைச் சமன் செய்கிறேன் என்று மண்ணை வெட்டி வெளியே கொட்டிவிட்டுத் தளம் போட்டுவிடுவார்கள். பல ஆயிரம் ஆண்டுப் படிவு ஒரே மதியத்தில் சரிவில் போய்விடும். ஊர்க்காரர்கள் கேட்டால் சொல்ல வேண்டியது எளிது:

1. மண்ணை வெட்ட வேண்டாம். சமன் வேண்டுமென்றால் துணியோ பாயோ விரித்து அதன் மேல் ஆற்று மணல் பரப்பலாம், வேண்டாதபோது அள்ளிவிடலாம்.

2. நிற்கவும் உட்காரவும் மரப்பலகை மேடை போதும், கால் ஊன்றும் இடத்தில் குழி தோண்டாமல்.

3. அடுப்பைக் கூரைக்கு வெளியே, கீழே எதுவும் இல்லாத வெறும் பாறையில் மூட்டலாம். கூரையில் தேனடை இருந்தால் புகை அதற்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

4. முனை கூர்மையாகச் செதுக்கின மாதிரி ஒரு கூழாங்கல்லைப் பார்த்தால் கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு பேனாவை அளவுக்கு வைத்துப் படமெடுத்து, பூண்டி தொல்லியல் அருங்காட்சியகத்தில் காட்டலாம். ஆந்திரப் பக்கமாக இருந்தால் அந்த மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.